பட்டியலும் சரக்கும்



நம் சங்கப் படிப்பகத்துக் கணினிகள் லினக்ஸில் இயங்குவன. அவற்றைப் புதுப்பிக்கும் பொறுப்பு எம்மிடம் விடப்பட்டுள்ளது. இன்வாய்ஸ் வந்ததனால் மட்டும் சரக்கு வந்ததாகிவிடாது என்பதை ரயில்வே குமாஸ்தாக்களாகிய யாம் நன்கறிவோம். இங்கும் அதுவே நெறி.

லினக்ஸ் வகைகளுள் டெபியனுக்கு உரியது 'ஆப்ட்'. 'ஆப்ட் அப்டேட்' பட்டியலை மட்டுமே புதுப்பிக்கும். 'ஆப்ட் அப்கிரேட்' என்று இட்ட பின்னரே திருத்தங்கள் வந்து சேரும். முதற்கட்டளையோடு நின்று, கணினி காப்புற்றதென யாமே சில திங்கள் மயங்கியிருந்தோம்!

ஃபெடோராவில் 2015 முதல் 'டி.என்.எஃப்.' முதன்மை பெற்றது. 'டி.என்.எஃப். அப்கிரேட்' எனும் ஒரே கட்டளை, பட்டியல் பழையதாயின் அதனையும் தானே புதுப்பித்துக்கொள்ளும். செய்தவற்றைக் குறித்துவைத்து, வேண்டின் மீட்கவும் முயலும்.

ஆர்ச் எனும் வகைக்கு உரியது 'பாக்மேன்', விரைவு மிக்கது. ஆயின் பட்டியலைப் புதுப்பித்துவிட்டு ஒரு மென்பொருளை மட்டும் ஏற்றுதல் அங்கே தகாது. அனைத்தையும் ஒருங்கே புதுப்பித்தல் வேண்டும். இன்றேல் ஒன்றற்கொன்று பொருந்தாது பழுது நேரலாம்.

நம் படிப்பகத்திற்கு நிதானமான டெபியனே ஏற்றதென்பது எம் துணிபு. எக்கருவியாயினும் பாதி வேலை பாதுகாப்பாகாது. நம் பிள்ளைகள் பயிலும் கணினிகளன்றோ? இரு கட்டளைகளையும் தவறாது இடுவோமாக!