பத்து நிமிஷமும் ஒரு படமும்

(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

வாசிப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பெரிய படிப்பாளி அல்ல. ரங்கூனில் தின்கன்ஜூனில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவுக்கு அங்கே சின்னதாக ஒரு பலசரக்குக் கடை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கடன் கணக்கு முழுவதும் அம்மாதான் வைப்பாங்க. எப்படி? படம் போட்டுத்தான். குடை வரைந்திருந்தால் குடை ரிப்பேர்க்காரர். பக்கத்தில் மூன்று கோடு என்றால் மூன்று படி அரிசி. ஒருநாளும் கணக்கு தப்பியதில்லை.

1964 மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுக்கள் செல்லாது என்றார்கள். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். நாங்கள் கப்பலேறிய போது அந்தக் கணக்கு நோட்டும் கூட வரவில்லை. ஆனால் மதராஸ் வந்து பல வருஷம் கழித்தும், யார் எத்தனை படி பாக்கி என்று அம்மா வரிசையாகச் சொல்வாங்க. பள்ளிக்கூடத்தில் நான் எழுதி எழுதி உருப்போட்டதோ, பரீட்சை முடிஞ்ச மறுநாளே போச்சு!

இதற்குக் காரணம் பிற்காலத்தில்தான் புரிந்தது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார் 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சொற்களை எழுதிப் பார்த்தவர்களைவிட, அவற்றைப் படமாக வரைந்தவர்களுக்கு அதிகம் நினைவில் நின்றதாம். அழகாக வரையவேண்டும் என்பதும் இல்லையாம். கை கோடு போடும், கண் பார்க்கும், மனசு பொருளை யோசிக்கும். மூன்றும் சேர்ந்தால் மறக்காது.

பர்மியர்களுக்கும் இது பழைய பழக்கம். மரப்பட்டைக் காகிதத்தை மடித்துச் செய்யும் ‘பரபைக்’கைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் கறுப்புப் பரபைக்கில் மாக்கல் குச்சியால் குறிப்பு எழுதினார்கள், வேண்டாதபோது அழித்தார்கள். வெள்ளையில் வண்ணப்படம் தீட்டினார்கள்.

பிள்ளைகளே, நீங்கள் செய்யவேண்டியது கொஞ்சம்தான். தினம் ஒரே நேரத்தில் பத்து நிமிஷம் தமிழில் ஏதாவது படியுங்கள். பிறகு புத்தகத்தை மூடுங்கள். படித்ததை, பார்க்காமல் ஒரு படமாகப் போடுங்கள். கீழே நாலு வார்த்தை எழுதுங்கள். மூன்று நாள் கழித்து, படத்தை மட்டும் பார்த்து வீட்டில் யாருக்காவது கதையாகச் சொல்லுங்கள். தடுமாறும் இடத்தை மட்டும் திரும்பப் படித்தால் போதும்.

ஓர் உதாரணம். ‘தின்கன்’ என்றால் பிக்குகள் உடுத்தும் துவராடை. ‘ஜூன்’ என்றால் தீவு. நாலு பக்கமும் தண்ணீர், நடுவில் காயப்போட்ட ஓர் ஆடை. வரைந்தாச்சா? இனி எங்கள் ஊர்ப்பெயர் உங்களுக்கு மறக்காது.

பெரியவர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. அம்மா இருந்தவரைக்கும் அந்தப் படங்களை நான் கேட்டு வரைந்து வைக்கவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். எண்ணெய்க்கு என்ன படம் போட்டாங்க? எதிர்வீட்டு அக்காவுக்கு என்ன அடையாளம்? இப்போது கேட்க ஆளில்லை. போன வருஷம் பேரன், “தாத்தா, உங்க வீடு எப்படி இருக்கும்?” என்று கேட்டான். பென்சிலை எடுத்தேன். வாசலும் கடைப்பலகையும் வந்தது. அடுப்படி எந்தப் பக்கம் என்பதே வரவில்லை. அன்றிலிருந்து தினம் ராத்திரி பத்து நிமிஷம் உட்கார்ந்து, நினைவுக்கு வந்ததை ஒரு நோட்டில் வரைந்து வருகிறேன். பேரன் கீழே தமிழில் பெயர் எழுதுகிறான். ‘அடுப்படி’ என்ற சொல்லை அவன் எழுதக் கற்றது அப்படித்தான்.

அகதியாக வந்தவர்களுக்குப் பெட்டியில் கொண்டுவந்தது கொஞ்சம், மனசில் கொண்டுவந்தது அதிகம். அது நம்மோடு போய்விடக்கூடாது. இன்று விழா முடிந்து வீட்டுக்குப் போனதும், ஒரு பிள்ளை ஒரு பெரியவர் பக்கத்தில் உட்காரட்டும். ஒரே ஒரு படம் போடுங்கள். புது வருஷத்துக்கு அது போதும்.