சட்டத்தின் சொல் யாரைப் பிடிக்கிறது?



மொழிக்கென அமைந்த மேடையில் வரிச்சட்டத்திற்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். சட்டம் சொற்களால் ஆனது. ஓர் உருபின் பொருள் இதுவா அதுவா என்று சேனாவரையர் போன்ற உரையாசிரியர்கள் விரிவாக வாதிட்ட மரபு நம்முடையது. அந்தக் கண்ணோடு பார்த்தால், அமெரிக்க நாட்டில் உயர் நிர்வாகிகளின் ஊதியத்தைக் குறித்து எழுதப்பட்ட சில சட்டவரிகள் நமக்கும் பாடமாக அமையும்.

1992ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் போட்டியிட்ட பில் கிளின்டன், நிறுவனத் தலைவர்களின் மிகையான சம்பளத்திற்கு வரிச்சலுகை கிடையாது என்று வாக்களித்தார். 1993 ஆகஸ்டில் அது சட்டமாயிற்று. வருமான வரிச்சட்டத்தின் 162ஆம் பிரிவில் 'எம்' என்னும் உட்பிரிவாக அது சேர்ந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: அச்சட்டம் சம்பளத்திற்கு உச்சவரம்பு விதிக்கவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால், பங்குச்சந்தையில் இடம்பெற்ற நிறுவனம் தன் தலைமை நிர்வாகிக்கும் அடுத்த நிலை அதிகாரிகள் நால்வருக்கும் தருவதில், ஆளுக்கு ஒரு மில்லியன் டாலர் வரைதான் செலவாகக் கணக்கில் கழித்துக்கொள்ள இயலும். மூன்று மில்லியன் சம்பளம் தந்தால் இரண்டு மில்லியனுக்கு நிறுவனம் வரி கட்ட வேண்டும். அன்றைய 35 விழுக்காட்டு வரியில் அது 7 இலட்சம் டாலர்.

இதுவரை தெளிவு. அடுத்து வந்தது விலக்கு: 'செயல்திறன் அடிப்படையிலான ஊதியம்' இந்த வரம்புக்கு உட்படாது. வெளி இயக்குநர்கள் கொண்ட குழு முன்கூட்டியே இலக்கைக் குறிக்க வேண்டும், பங்குதாரர் ஒப்புதல் தர வேண்டும், இலக்கு எட்டப்பட்டதென அக்குழு சான்றளிக்க வேண்டும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. உழைத்தவன் பெறட்டும் என்று யார்தான் மறுப்பார்?

ஆனால் 'செயல்திறன்' என்பதற்கு அச்சட்டத்தில் கிடைத்த பொருள் நம் அகராதிப் பொருளன்று. நிறுவனத்தின் பங்கைக் குறித்த விலைக்குப் பின்னாளில் வாங்கிக்கொள்ளும் உரிமையை, அதாவது பங்கு விருப்புரிமையை, வழங்கிய நாளின் சந்தை விலைக்குக் குறையாமல் கொடுத்தால், அதுவே செயல்திறன் ஊதியமாகக் கருதப்பட்டது. 20 டாலர் விலையில் ஒரு மில்லியன் பங்குகளுக்கு உரிமை பெற்றவர், விலை 60 டாலர் ஆனபோது வாங்கினால் அவருக்கு ஆதாயம் 40 மில்லியன். அத்தொகை முழுவதையும் நிறுவனம் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். விலை ஏறியது அவர் திறமையாலா, நாடெங்கும் சந்தை ஏறியதாலா என்று சட்டம் கேட்கவில்லை. வழங்கும்போது கணக்கேட்டில் செலவு எழுதவேண்டிய கட்டாயமும் அன்று இல்லை. அவ்விதி 2004இல்தான் மாறியது. இவையெல்லாம் சேர்ந்து தொண்ணூறுகளில் பங்கு விருப்புரிமை பெருக்கெடுத்தது. ஒரு மில்லியனுக்குக் குறைவாகப் பெற்றுவந்த தலைவர்களுக்கோ வரம்பே இலக்காகவும் ஆயிற்று. 2006இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் தலைவர் கிறிஸ்டோபர் காக்ஸ், எதிர்பாரா விளைவுகளுக்கென ஓர் அருங்காட்சியகம் இருந்தால் இச்சட்டத்தை அங்கே வைக்கலாம் என்ற கருத்தில் செனட் குழுவின் முன் பேசினார். அரசுத் தரப்பிலிருந்தே வந்த சொல் அது.

அதே 2006இல் நிகழ்ந்த இன்னொன்று, இலக்கணம் கற்பிப்போருக்குச் சுவையானது. அந்நால்வர் யாவர் என்பதைச் சட்டம் நேராகச் சொல்லவில்லை. 'மிகுதியான ஊதியம் பெறும் அதிகாரிகள் நால்வருள் ஒருவராக இருக்கும் காரணத்தால்' எவருடைய ஊதியம் பங்குதாரருக்கு அறிவிக்கப்பட வேண்டுமோ, அவர் என்றது. ஆணையம் தன் அறிவிப்பு விதியை அவ்வாண்டு திருத்தியது: தலைமை நிர்வாகி, தலைமை நிதி அதிகாரி ஆகியோரின் ஊதியத்தை அவர்கள் வகிக்கும் பதவியின் பொருட்டே அறிவிக்க வேண்டும், அடுத்த மூவருக்கு மட்டும் ஊதிய அளவு காரணம் என்றது. விளைவு? நிதி அதிகாரியின் பெயர் அறிக்கையில் வருவது பதவியின் காரணத்தால், ஊதியத்தின் காரணத்தால் அன்று. ஆகவே அவர் வலைக்கு வெளியே நின்றார். வரித்துறையும் 2007இல் அப்படித்தான் பொருள் கொண்டது. 'காரணத்தால்' என்ற ஒரு சொல்லினால், நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தையே கையில் வைத்திருப்பவர் பத்தாண்டுக்கு மேல் விலகி நின்றார். ஏதுப்பொருளில் வரும் மூன்றாம் வேற்றுமைக்கு எடுத்துக்காட்டுத் தேடும் ஆசிரியர்கள் இதனை வகுப்பில் பயன்படுத்தலாம்.

வலைக்குள் வரவேண்டியவர் வெளியே நின்ற கதை அது. யாரும் நினையாதவர் உள்ளே சிக்கிய கதையும் உண்டு. அதற்கு என்ரான் நிறுவனத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நம் வட்டாரத்தில் மலேசியாவின் ஊழியர் சேமநிதி 1951இலும் சிங்கப்பூரின் மத்திய சேமநிதி 1955இலும் தோன்றின. இவற்றில் தொழிலாளியின் சேமிப்பு முதலாளியின் கையை விட்டு நீங்கி, சட்டப்படி அமைந்த பொது வாரியத்திடம் சேர்கிறது. அமெரிக்காவின் '401கே' திட்டம் அவ்வாறன்று. நிறுவனம் தோறும் தனித்தனியே நடப்பது. என்ரான் தன் பங்காகச் செலுத்தியது பணமன்று, தன் நிறுவனப் பங்குகளை. ஊழியர் 50 வயதாகும் முன் அவற்றை விற்க இயலாது. 2001 இலையுதிர் காலத்தில் பங்கு விலை சரிந்துகொண்டிருந்தபோது, திட்டத்தை நிர்வகிக்கும் நிறுவனத்தை மாற்றுகிறோம் என்று சொல்லி ஊழியர் கணக்குகள் சில வாரம் முடக்கப்பட்டன. 2000 ஆகஸ்டில் 90 டாலரை எட்டிய பங்கு, 2001 டிசம்பர் 2ஆம் நாள் நிறுவனம் நொடிப்பு மனு அளித்தபோது ஒரு டாலருக்கும் கீழே கிடந்தது. உயர் நிர்வாகிகளுக்கு வேறொரு திட்டம் இருந்தது: சம்பளத்தின் ஒரு பகுதியைப் பிற்காலத்தில் பெற ஒத்திவைப்பது. அதிலிருந்து 50 மில்லியன் டாலருக்கும் மேல் நொடிப்புக்கு முந்தைய வாரங்களில் அவர்கள் முன்கூட்டியே எடுத்துக்கொண்டனர்.

இதற்கு விடையாகவே 2004இல் '409ஏ' பிரிவு வந்தது. ஒத்திவைத்த ஊதியத்தை எப்போது, எவ்வடிவில் பெறுவது என்பதை முன்னரே எழுதி வைக்க வேண்டும். நினைத்தபோது முந்தி எடுக்கலாகாது. மீறினால் முழுத்தொகைக்கும் உடனே வரி, அதன்மேல் 20 விழுக்காடு கூடுதல் வரி, வட்டி வேறு. நோக்கத்தில் குறை காண எனக்கு மனமில்லை. ஆனால் சட்டம் 'உயர் நிர்வாகி' என்று எழுதவில்லை. ஓராண்டில் ஈட்டியதை மற்றோர் ஆண்டில் பெறும் எவரும் என்ற கருத்தில் எழுதியது. அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் பலர் பத்து மாதம் கற்பித்து, அந்த ஊதியத்தைப் பன்னிரண்டு மாதமாகப் பகிர்ந்து பெறுவர். கோடை விடுமுறையில் வீட்டுச் செலவுக்கு வழி வேண்டுமல்லவா? இலையுதிர் காலத்தில் ஈட்டியதன் ஒரு பகுதி அடுத்த ஆண்டில் கைக்கு வருகிறது. ஆக, அதுவும் ஒத்திவைத்த ஊதியம்! பள்ளி ஆண்டு தொடங்கும் முன்பே எழுத்தில் விருப்பம் தெரிவிக்க வேண்டும் என 2007இல் வரித்துறை விளக்கம் தர, ஆசிரியரிடையே கலக்கம் எழுந்தது. 2008இல் வெளியான மற்றோர் அறிவிப்பால்தான் பெரும்பாலோர் விடுபட்டனர். என்ரான் அதிபருக்கு வீசிய வலையில் வகுப்பாசிரியர் அகப்பட்டது இப்படித்தான்.

பழைய விலக்கின் கதை 2017 டிசம்பரில் முடிந்தது. நிறுவன வரியை 35இலிருந்து 21 விழுக்காடாகக் குறைத்த சட்டமே, 'செயல்திறன்' விலக்கை நீக்கி, நிதி அதிகாரியையும் பெயர் சொல்லி உள்ளே கொணர்ந்தது. சட்டம் கையொப்பமான சில நாள்களிலேயே நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், உயர் நிர்வாகிகளின் செயல்திறன் ஊக்கத்தொகையை நிலையான சம்பளமாக மாற்றப்போவதாக அறிவித்தது. விலக்கு போனது, தொகை போகவில்லை, பெயர்தான் மாறியது.

2021இல் மேலும் ஒரு திருத்தம் வந்தது. 2026க்குப் பின் தொடங்கும் வரியாண்டுகளில், மிகுதியான ஊதியம் பெறும் இன்னும் ஐவர் வரம்புக்குள் வருவர். முந்தைய நால்வரைக் குறித்தபோது சட்டம் 'அதிகாரிகள்' என்றது. இந்த ஐவரைக் குறிக்கையில் 'ஊழியர்கள்' என்கிறது. பதவிப் பெயர் எதுவும் இல்லாத பொறியாளரும், தரகுப் பணம் மிகுதியாகப் பெறும் விற்பனையாளரும், அந்த ஐவருள் ஒருவராகலாம்.