தீய நகரத்தின் சட்டப்புத்தகம்



நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நடத்திச் செல்லும் ஆட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி 1974இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இவ்வகை ஆட்டங்களுக்குத் தாய். இவற்றில் ஒரு முழுச் சமூகத்தையே தீயதாகக் காட்டலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகக் காட்டலாம் என்பது என் கட்சி. அந்தத் தீமை எங்கே குடியிருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கைகாக்ஸ் எழுதிய ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ என்ற ஆட்டக்கதை இந்த ஆட்டத்தின் தொடக்கநிலைப் பெட்டியோடு சேர்ந்தே விற்பனையானதால், ஒரு தலைமுறையே அதை வைத்து ஆடப் பழகியது. எல்லையோரத்தில் ஒரு கோட்டை, பக்கத்தில் குகைகள், குகைக்கொரு அரக்கக் கூட்டம். அவற்றில் ஒன்றான கோபால்டுகளின் பொதுக்கூடத்துக்கு அவர் தரும் கணக்கு இது: ஆண்கள் 17, பெண்கள் 23, குட்டிகள் 8. குட்டிகள் தாக்காது என்றும் குறித்திருக்கிறார். வாளோடு உள்ளே நுழைந்த வீரர்கள் அந்த எட்டுக் குட்டிகளை என்ன செய்வது? இந்தக் கேள்வியில் சண்டை மூண்டு கலைந்த மேசைகள் பல.

பின்னாளில் இதே கேள்வி கைகாக்ஸிடம் வந்தபோது, ஈரை விட்டால் பேனாகும் என்ற பொருளில் கர்னல் சிவிங்டன் சொன்னதாக வழங்கும் பேச்சை அவர் துணைக்கு அழைத்தார். 1864 நவம்பர் 29 அன்று கொலராடோவின் சாண்ட் கிரீக்கில் செயென், அரபஹோ பழங்குடி மக்கள் தங்கியிருந்த முகாமைத் தாக்கிய படையின் தலைவன் அந்த சிவிங்டன். அங்கே மாண்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கைகாக்ஸின் கற்பனை வளத்தின் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனாலும் இந்த இடத்தில் நெஞ்சு பதறுகிறது. ஒரு கூட்டத்தின் ரத்தத்திலேயே தீமை ஊறியிருக்கிறது என்று சொல்லிவிட்டால், அடுத்த பேச்சு அவர்கள் பிள்ளைகளைப் பற்றித்தான் வரும்.

தீமையை ரத்தத்திலிருந்து எடுத்துச் சட்டத்தில் வைத்துப் பாருங்கள். இந்த ஆட்டத்தின் உலகத்தை வைத்து ஆர். ஏ. சால்வடோர் 1990இல் எழுதிய ‘ஹோம்லேண்ட்’ நாவலில் மென்சோபெரன்சான் என்ற பாதாள நகரம் வருகிறது. டிரௌ இனத்தாரின் ஊர். சிலந்தித் தெய்வம் லோல்த்தின் பூசாரிணிகள் குடும்பங்களை ஆள்கிறார்கள். ஒரு குடும்பம் இன்னொன்றை இரவோடு இரவாக அழிக்கலாம். பிரபு வம்சத்தில் ஒருவர் மிஞ்சிக் குற்றம் சாட்டினால்தான் அது குற்றம். யாரும் மிஞ்சவில்லை என்றால், ஊருக்கே தெரிந்திருந்தாலும் எதுவும் நடக்கவில்லை. இந்த ஒரு விதி போதும், அந்த ஊரில் அண்ணன் தம்பி உறவுகூட எப்படி இருக்கும் என்று விளங்கிவிடும். நாயகன் டிரிஸ்ட் மூன்றாவது மகன். வழக்கப்படி பிறந்ததும் பலியாக வேண்டியவன். அதே இரவில் இரண்டாமவன் மூத்தவனைக் கொன்றுவிடுவதால் இவன் பிழைக்கிறான். வளர்ந்தபின் தரைமேல் வாழும் எல்ஃப்களைச் சூறையாட அழைத்துச் செல்லப்படும்போது, ஒரு சிறுமியை அவள் தாயின் பிணத்துக்கு அடியில் ஒளித்து, கொன்றுவிட்டதாகக் கூட்டாளிகளிடம் நடிக்கிறான். அந்த ஊரில் இரக்கம் கொடுமை வேடம் போட்டுத்தான் உயிர்வாழ முடியும்.

குறையும் உண்டு. டிரௌக்களின் கருந்தோல் தீமையின் அடையாளமாக ஆக்கப்பட்டது பெரிய களங்கம். நல்லவன் ஒருவன் ஊரைவிட்டு வெளியேற, மற்றவர்களைப் பற்றிய பழைய கணக்கும் மாறாமல் கிடந்தது. அவ்வகையில் 1982இல் கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட ‘டிரால்பாக்’ என்ற ஆட்டநூல் எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது. அதில் டிரால்கள் என்ற அரக்க இனத்தார் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். பாதாள இருளில் நிம்மதியாக வாழ்ந்தவர்கள். கொல்லப்பட்ட சூரியக் கடவுள் அங்கே வந்து விழ, வெந்து தப்பி மேலே ஓடிவந்த அகதிகள். மனிதரைத் தின்பவர்களும் அவர்களேதான். சாபத்தால் குறைபட்டுப் பிறக்கும் தங்கள் பிள்ளைகளை அடிமையாக நடத்துபவர்களும் அவர்களே. எதையும் மறைக்கவில்லை, எதற்கும் சமாதானம் சொல்லவில்லை.

ஆர்க்குகள் என்ற அரக்க இனத்தாரும் டிரௌக்களும் மற்ற மக்களைப் போலவே சிக்கலானவர்கள் என்று டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 2020இல் அறிவித்தது. மறு ஆண்டு பழைய நூல்களிலிருந்து சில பத்திகளையும் நீக்கியது. அறிவிப்பை மனதார வரவேற்கிறேன். நீக்குவதோடு நின்றுவிடுவதுதான் எனக்குச் சம்மதமில்லை. கொடுமையை அழித்தால் கொடுமைப்பட்டவரும் நூலின் பக்கத்திலிருந்து மறைந்துபோகிறார். மறைக்காமல் எழுதியதற்கு ஓர் எடுத்துக்காட்டு: இதே ஆட்டத்துக்காக 1991இல் வந்த ‘டார்க் சன்’ உலகத்தில் டைர் என்று ஒரு நகரம்; அடிமைகளின் உழைப்பில் நிற்பது. அதற்கென எழுதிய ‘ஃப்ரீடம்’ என்ற ஆட்டக்கதையில் வீரர்கள் அடிமைகளாகப் பிடிபட்டு, கலக் மன்னனின் சிகுராட் கோபுரத்தைக் கட்டும் வேலைக்குத் தள்ளப்படுகிறார்கள். சவுக்கு யார் கையில், தண்ணீர் யாருக்கு, பக்கத்தில் சுமப்பவனை நம்பலாமா என்பதையெல்லாம் மேசையில் இருப்பவர்கள் அங்கேதான் முடிவுசெய்தாக வேண்டும். அப்படிப்பட்ட கதைகளை இன்றைய எழுத்தாளர்கள் துணிந்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.