குறிக்களமும் முதிய போர்வீரரும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



துப்பாக்கியைப் பற்றிப் பேசப் போகின்றோம் என்றவுடனே உங்களிற் சிலர் புன்முறுவல் பூப்பதைக் காண்கின்றோம். கல்வி நிதியையும் கலியாணச் செலவையும் பற்றிப் பேசும் இம்மேடையில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று வினவுதல் இயல்பே. எனினும், தருமம் செய்யும் முறையைப்பற்றி நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று அதனுள் இருத்தலால், சிறிது நேரம் செவிசாய்க்குமாறு வேண்டுகின்றோம்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதிய போர்வீரரைக் கௌரவிக்கும் பொருட்டுக் குறிசுடும் களங்களில் தரும நாள் நடத்தும் வழக்கம் உண்டு. வருவோர் கட்டணம் செலுத்தி, இரு மகாயுத்தங்களிலும் வழங்கிய பழைய துப்பாக்கிகளைக் கையிலேந்தி, மண்மேட்டின்முன் நிறுத்திய காகித இலக்கைச் சுடுவர். செலவு போக எஞ்சிய பணம் காயமுற்ற வீரருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் சேரும்.

இவ்வழக்கத்தின் வேர் பழமையானது. இங்கிலாந்தின் தேசியத் துப்பாக்கிச் சங்கம் 1859-ல் நிறுவப்பெற்றது. 1860 ஜூலை 2-ல் விம்பிள்டன் வெளியில் அதன் முதற் போட்டியை விக்டோரியா மகாராணியாரே தொடங்கி வைத்தார். தாங்கியில் பொருத்திய விட்வொர்த் துப்பாக்கியின் விசையை அவர் இழுக்க, 400 கஜத்திற்கு அப்பால் இருந்த இலக்கின் நடுப்புள்ளிக்கு மிக அருகே குண்டு பாய்ந்தது. 1890-ல் அச்சங்கம் பிஸ்லி என்னும் ஊருக்குக் களத்தை மாற்றிக்கொண்டது. இன்றும் அங்கே குறிசுடுதல் நடைபெறுகின்றது.

இத்தகைய நாட்களில் மக்கள் விரும்பி எடுக்கும் ஆயுதங்களுள் ஒன்று லீ-என்ஃபீல்டு துப்பாக்கி. பத்துத் தோட்டாக்கள் கொள்வது. ஏறத்தாழ நான்கு கிலோ எடையுள்ளது. அது நமக்கு அந்நியமானதன்று. வங்காளத்து இஷாப்பூரில் உற்பத்தியாயிற்று. உத்தரப்பிரதேசக் காவலர் அதற்கு விடைகொடுத்தது 2020-ல்தான். 1914 முதல் 1918 வரை நடந்த மகாயுத்தத்தில் பதின்மூன்று லட்சத்திற்கு மேற்பட்ட இந்தியர் பணிபுரிந்தனர்; ஏறத்தாழ 74,000 பேர் மாண்டனர். அவர்களிற் பலர் பிரான்சின் சேற்றிலும் மெசபடோமியாவின் மணலிலும் சுமந்து நடந்தது இத்துப்பாக்கியைத்தான். அதனை ஒரு நாழிகை ஏந்தி நிற்பவன் தோள் நோவான். சுட்டபின் அதன் உதைப்பை உணர்வான். பல்லாண்டு அதனைச் சுமந்தவன் பட்ட பாடு அப்பொழுதுதான் சிறிதேனும் விளங்கும்.

"உயிர்கொல்லும் கருவியைக் கொண்டு விளையாடுதல் தகுமோ?" என்று நம்முள் ஒருவர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வியே. அதற்கு விடை அக்களத்தின் ஒழுங்கில் இருக்கின்றது. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருதுக. அதன் வாயை இலக்கின் திசையன்றி வேறெங்கும் திருப்பற்க. சுடும் கணம் வரையில் விசையின்மேல் விரல் வைக்கற்க. நிறுத்து என்ற குரல் எழுந்தால் அனைவரும் நிறுத்துக. சுடுதல் நடக்கும் வரையில் செங்கொடி பறக்கும். இவ்விதிகளைக் கற்பிப்பதற்கு ஆயுதத்தின் கொடுமையைக் கண்ணாற் கண்ட முதிய வீரனைவிடத் தக்கார் யாவர்? அவன் அருகிருந்து கற்பிக்குமிடத்து அது வெறும் விளையாட்டாகாது.

பெரியோர்களே! யாம் சொல்லவந்த பொருள் இங்கேதான் உள்ளது. நாம் ஒருவரைக் கௌரவிப்பது எவ்வாறு? மேடையில் அமர்த்தி, மாலையிட்டு, பொன்னாடை போர்த்தி, நான்கு பேர் புகழ்ந்து பேசி, வீட்டிற்கு அனுப்பிவிடுகின்றோம். அந்த நாளெல்லாம் அவர் வாய் திறப்பதற்கு இடமில்லை. நல்ல குறிக்கள நாளிலோ முதியவர் வெறும் காட்சிப்பொருள் அல்லர். கற்பிப்பவர் அவரே, கதை சொல்பவரும் அவரே, இயலுமாயின் முதற்குண்டு சுடுபவரும் அவரே.

இவ்வுண்மையை உலகிற்குக் காட்டியவர் ஒரு மருத்துவர். ஜெர்மனியினின்று தப்பிவந்த லுட்விக் குட்மன் என்னும் யூதர், 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டு முறிந்த வீரருக்கான பகுதியைத் தொடங்கினார். இடுப்பிற்குக் கீழ் உணர்வற்ற அவர்கள் நெடுநாள் வாழார் என்று உலகம் கைவிட்டிருந்த காலம் அது. குட்மன் அவர்களைப் படுக்கையினின்று எழுப்பினார், விளையாடச் செய்தார். 1948 ஜூலை 29-ல், லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த பதினாறு பேர், பதினான்கு ஆடவரும் இரு மகளிரும், வில்லேந்தி இலக்கை எய்தனர். அச்சிறு போட்டியே வளர்ந்து பாராலிம்பிக் ஆயிற்று. 1976-ல் டொராண்டோவில் துப்பாக்கி சுடுதலும் அதில் சேர்ந்தது. அவ்வீரர் கேட்டது இரக்கமன்று. இலக்கின்முன் ஓர் இடம்.

நம் நாட்டு வரலாறு ஒன்றையும் கேளுங்கள். 1965 யுத்தத்தில் குண்டுகள் பாய்ந்து ஊனமுற்ற இந்தியப் படைவீரர் முரளிகாந்த் பேட்கர், 1972-ல் ஹைடல்பர்க் நகரில் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிட்டிய முதல் தங்கம் அது. அவருக்குப் பத்மஸ்ரீ அளிக்கப்பெற்றது 2018-ல்! இடையே கழிந்தவை நாற்பத்தாறு ஆண்டுகள். அவர் உயிருடனிருந்து பெற்றார். பெறாமலே மறைந்தவர் எத்தனை பேரோ?

நம் தேசத்தில் ஆயுதச் சட்டம் கடுமையானது. அது அவ்வாறே இருத்தல் நன்று. ஆதலின் நாமும் குறிக்களம் அமைப்போம் என்று யாம் கூறவில்லை. அந்நாளின் உட்பொருளையே எடுத்துக்கொள்வோம். 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடிநாளாக அனுசரிக்கப்படுகின்றது. அன்று உண்டியலில் நாணயம் இட்டுக் கொடியைச் சட்டையில் குத்திக்கொள்வதோடு நம் கடமை முடிந்ததென எண்ணிவிடுகின்றோம். அப்பணத்தை இடுங்கள், மனமார இடுங்கள். அதனுடன் நம் குடும்பங்களில் பட்டாளத்திற்குச் சென்று திரும்பிய பெரியவர் யார் யார் என்று வீடுவீடாகக் கேட்டு எழுதுங்கள். பென்ஷன் தவறாது வருகின்றதா, விதவைக்கு உரியது கிட்டுகின்றதா என்று விசாரியுங்கள். இல்லையெனில் ஜில்லாவின் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திற்கு அவருடன் ஒருவர் துணைசெல்லுங்கள். பிள்ளைகளை அவர் திண்ணைக்கு அழைத்துச் சென்று, அவர் சொல்வதைக் கேட்கச் செய்யுங்கள். பேசுவதற்கு அவருக்கு விருப்பமில்லையெனில், அருகிருந்து வாருங்கள், அதுவும் மரியாதையே.

குறி பார்ப்பவன் ஒரு கண்ணை மூடி ஒன்றையே நோக்குவான். நாமும் இவ்வாண்டில் இவ்வொன்றையே நோக்குவோமாக. அடுத்த கொடிநாளுக்குள் நம் சங்கத்துப் பேரேட்டில் அம்முதியோர் ஒருவர் பெயரேனும் விடுபடாதிருக்குமாயின், இன்று யாம் பேசியது பயனுடைத்தாகும்.