ஸ்கூட்டர் ஸ்டாண்டும் ஜூலியா மொழியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

எனக்குக் கொடுத்திருப்பது பத்தே நிமிஷம். அதனால் ஒரே ஒரு விஷயம்.

ஜூலியா என்ற கணிப்பொறி மொழியை பெசன்சன், கார்பின்ஸ்கி, ஷா, எடல்மன் என்ற நால்வர் 2012-ல் உலகுக்கு அறிவித்தார்கள். அதில் பெருக்கல் என்பது ஒரு பங்ஷன். அதன் கீழே மெத்தட்கள் ஏராளம். எண்ணை மேட்ரிக்ஸால் பெருக்கணுமா, மேட்ரிக்ஸை மேட்ரிக்ஸாலா? ஜாவாவில், ஓடும் நேரத்தில் மெத்தடை முடிவு செய்வது முன்னால் நிற்கும் ஆப்ஜெக்ட் மட்டுமே. ஜூலியா எல்லா ஆர்க்யுமெண்டுகளின் டைப்பையும் பார்த்துத்தான் ஆளை அனுப்பும்.

நம்ம பிள்ளைகள் இடறுவது இதற்கு அடுத்த படியில். முழு எண் என்பது ரியலில் ஒரு வகை. அந்த தைரியத்தில் 'ரியல் வெக்டர்' வாங்கும் பங்ஷனை எழுதி, முழு எண் வெக்டரைக் கொடுக்கிறார்கள். 'பொருந்தும் மெத்தட் இல்லை' என்று முகத்தில் அடித்தாற்போல் பதில் வருகிறது. "என்ன சார், மொழியே தப்பா?" என்கிறார்கள்.

தப்பில்லை. ஸ்கூட்டர் ஒரு வாகனம்தானே? அதற்காக ஸ்கூட்டர் ஸ்டாண்டில் 'வாகனங்கள் நிறுத்துமிடம்' என்று போர்டு மாட்டிப் பாருங்கள், நாளைக்கே லாரி வந்து நிற்கும்! 64 பிட் முழு எண் வெக்டரில் ஒவ்வொரு எண்ணுக்கும் 8 பைட். இடைவெளி இல்லாமல் வரிசையாக நிற்கும். ரியல் வெக்டரில் எந்த அளவு எண்ணும் வரலாம் என்பதால் அங்கே இருப்பது முகவரிகள்தான். எண் வேறெங்கோ கிடக்கும்.

சில பேர் செய்யும் வைத்தியம், கொடுக்கும் வெக்டரையே ரியல் வெக்டராக மாற்றிவிடுவது. புரோகிராம் ஓடும், பிழையும் வராது. லேபில் நூறு எண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பத்து லட்சம் எண் வந்ததும் ஒவ்வொன்றுக்கும் முகவரி தேடி, டைப் பார்த்து, மெத்தட் பொறுக்கி... நொண்டும். பழி மட்டும் மொழிக்கு!

சரியான வழி சுலபம். பங்ஷனில் ரியலுக்கு முன்னால் '<:' என்று போட்டால் போதும். 'ரியலில் ஏதோ ஒரு வகைக்கான வெக்டர்' என்று பொருளாகிவிடும். முழு எண் வெக்டரும் வரும், தசம எண் வெக்டரும் வரும். ஆர்க்யுமெண்டுக்கு டைப்பே எழுதாவிட்டாலும் பொதுவாக வேகம் குறையாது. வந்த டைப்புக்குத் தகுந்தாற்போல் ஜூலியாவே கம்பைல் செய்துகொள்ளும். அங்கே டைப் எழுதுவது எந்த மெத்தட் என்று சொல்லத்தான்.

மீதிக் கேள்விகளை மதியச் சாப்பாட்டின்போது கேளுங்கள்.