இத்தாலிய வகுப்பில் நான் கற்றவை

 

"கல்லூரியில் இத்தாலிய மொழி பயிலுதல்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். அழைப்பிதழில் இதனைக் கண்ட பெரியவர் ஒருவர், சற்றுமுன் வாயிலில் என்னை நிறுத்தி, "தம்பி, இத்தாலி படித்தால் இட்டலிக்கு வழி உண்டா?" என்று கேட்டார். வடநாட்டுக் கல்லூரி ஒன்றில் இம்மொழி பயில நான் புறப்பட்ட அன்று என் தந்தையார் கேட்டதும் ஏறத்தாழ இதுவே. ஒரு பிள்ளை படிப்பதற்காகக் குடும்பமே அரைவயிறு உண்ணும் சமுதாயத்தில் இது நியாயமான கேள்வி. மொழி மட்டும் தனியே சோறு போட்டுவிடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயினும் மொழிபெயர்ப்பு, ஏற்றுமதி, சுற்றுலா ஆகிய துறைகளில் அதற்கு இடம் உண்டு. நம் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஆலைகளில் இத்தாலிய இயந்திரங்கள் ஓடுகின்றன. அந்த இயந்திரங்களோடு வாழ்நாளெல்லாம் உழைத்த நம்மவர் பிள்ளைகள், அவற்றைச் செய்தவர்களோடு நேர்நின்று பேசுவது தகாத ஆசை அன்று.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. கல்லூரியின் ஆங்கில வகுப்பில் நான் கடைசி வரிசையில் அமர்ந்தவன். வாய் திறந்தால் சிரிப்பார்களோ என்னும் அச்சத்தால் வாய் திறவாதவன். இத்தாலிய வகுப்பிலோ, மாவட்ட ஆட்சியரின் மகனும் கூலிக்காரர் மகனான நானும் ஒரே நாளில், ஒரே அரிச்சுவடியின் முதற்பக்கத்தைத் திறந்தோம். என் வாழ்நாளில் எல்லோரும் ஒரே கோட்டில் நின்று ஓடத் தொடங்கிய முதற் பந்தயம் அதுதான். ஆங்கிலம் அறிந்தவர்க்குச் சொற்கள் எளிதாக வந்தன என்பது உண்மையே. ஆனால் எனக்குத் தமிழ் துணை நின்றது. "பேசுகிறேன்" என்னும் ஒரு சொல்லிலேயே பேசுபவர் யார் என்பது விகுதியால் விளங்குவதுபோல், அங்கே "பார்லோ" என்றாலே "நான் பேசுகிறேன்" என்று பொருள். பலி வேறு, பல்லி வேறு என்று அறிந்த செவிக்கு, "நோனோ" என்றால் ஒன்பதாவது, "நொன்னோ" என்றால் பாட்டன் என்பதைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை. வீரமாமுனிவர் 1680-இல் இத்தாலியில் பிறந்து இங்கு வந்து தமிழ் கற்றதை மேடைதோறும் புகழ்கிறோம். அவர் வந்த வழியே நாம் திரும்பிச் சென்றால் மட்டும் வியப்பது ஏனோ!

என்னை உலுக்கிய பாடம் முன்னிலைச் சொற்களைப் பற்றியது. நெருங்கியவரைத் "தூ" என்றும், மதிப்பிற்குரியவரை "லெய்" என்றும் அழைப்பது இத்தாலிய மரபு. எங்கள் பேராசிரியை முதல் நாளே, பதினெட்டு வயதினரான எங்கள் எல்லோரையும் "லெய்" என்றே அழைத்தார். என் தந்தையாரை எங்கள் ஊர்ப் பெருந்தெருவில் பத்து வயதுச் சிறுவர்களும் "வாடா, போடா" என்றே அழைப்பர். அவரோ அவர்களைச் "சாமி" என்பார். அன்றிரவு விடுதியில் எனக்கு உறக்கம் வரவில்லை. பின்னர் ஒன்று தெரியவந்தது. 1938-இல் முசோலினியின் ஆட்சி அந்த "லெய்"யை அகற்றிவிட்டு "வொய்" என்று அழைக்குமாறு ஆணையிட்டது. அவ்வாட்சி வீழ்ந்தபின் "லெய்" மீண்டது. அங்கே எல்லோரும் வழங்கும் "சாவ்" என்னும் சொல் "ஸ்கியாவோ" என்பதன் வெனிசு நகரத்துத் திரிபு. "நான் உம் அடிமை" என்பதே அதன் பழம்பொருள். இன்று நண்பர் இருவர் தோளோடு தோள் உரசிக் கூறும் வாழ்த்து அது. ஆக, மனிதரை உயர்த்துவதும் தாழ்த்துவதுமான சொற்கள் மனிதர் செய்தவை, மாறக்கூடியவை என்பதை நான் ஓர் அயல்மொழியின் இலக்கணத்திலேதான் கண்டேன்.

அம்மொழிக்குள்ளேயும் ஏழைக்கு இடமில்லாத காலம் இருந்தது. 1861-இல் இத்தாலி ஒரு நாடாக இணைந்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 75 பேர் எழுத்தறியாதவர். பொது இத்தாலிய மொழியைப் பேசியவர் நூற்றுக்கு இரண்டரைப் பேரே என்று தூல்லியோ தெ மௌரோ என்னும் மொழியறிஞர் 1963-இல் கணித்தார். ஏனையோர் தத்தம் வட்டார மொழி பேசிய உழவர்கள், தொழிலாளர்கள். பள்ளி அவர்களுடைய பேச்சைப் பிழை என்றது.

சார்டீனியத் தீவின் வறிய குடும்பமொன்றிலிருந்து 1911-இல் தூரின் பல்கலைக்கழகத்திற்கு உதவித்தொகையில் வந்தவர் அந்தோனியோ கிராம்சி. அவர் பயின்றதும் மொழியியல்தான். வறுமையாலும் நோயாலும் பட்டம் பெறாமலே வெளியேறினார். பின்னர் முசோலினியின் சிறையில் 33 குறிப்பேடுகளை நிரப்பினார். வரலாற்றில் இடம் மறுக்கப்பட்ட அடித்தள மக்களைக் குறிக்க இந்திய அறிஞர்கள் 1982 முதல் வழங்கிவரும் "சபால்டர்ன்" என்னும் சொல் அக்குறிப்பேடுகளிலிருந்து பெற்றதே. அவரே 1927-இல் தம் தங்கைக்குச் சிறையிலிருந்து எழுதுகையில், குழந்தையைத் தாய்மொழியாகிய சார்டீனியத்தில் தடையின்றிப் பேச விடுமாறு வேண்டினார். பெருமொழியைக் கற்ற அவர் சிறுமொழியைக் கைவிடவில்லை.

இனி பார்பியானா. பிளாரன்சு நகருக்கு வடக்கே உள்ள மலைச்சிற்றூர் அது. செல்வக்குடியிற் பிறந்து குருவான லொரென்சோ மிலானி 1954-இல் அங்கு அனுப்பப்பட்டார். பள்ளிகள் தள்ளிவிட்ட உழவர் பிள்ளைகளைச் சேர்த்து, ஆண்டின் 365 நாளும் பள்ளி நடத்தினார். மூத்தவன் இளையவனுக்குக் கற்பித்தான். பிறமொழி கற்க அப்பிள்ளைகளை அயல்நாடுகளுக்கும் அனுப்பினார். அவர்களுள் எண்மர், தங்கள் தோழரைத் தேர்வில் தள்ளிய ஆசிரியைக்கு எழுதிய மறுமொழியே 1967-இல் நூலாக வெளிவந்தது. வீட்டிலேயே எழுத்தறிந்து வந்த மருத்துவர் மகன் பியெரினோ அதில் மேலே போகிறான். உழவர் மகன் ஜான்னி, உலகம் அறிந்திருந்தும், ஒலிக்காத ஓர் எழுத்தை எழுதத் தவறியதால் வெளியேறுகிறான். அந்நூலைப் படித்தபோது, எட்டாம் வகுப்போடு நின்றுபோன என் அண்ணனைக் கண்டேன்.

இளைஞர்களே, இம்மொழியைப் பயில விரும்புவோர் கேளுங்கள். பெரூஜாவிலும் சியேனாவிலும் அயல்நாட்டார்க்கென்றே பல்கலைக்கழகங்கள் உள்ளன. அவை நடத்தும் தேர்வுகளில் ஆறு படிநிலைகள் உண்டு. அவற்றின் சான்றிதழ்கள் இத்தாலியக் கல்லூரிகளில் செல்லும். குடும்ப வருமானத்தை அளவாகக் கொண்டு அந்நாட்டு மண்டலங்கள் வழங்கும் உதவித்தொகை அயல்நாட்டு மாணவர்க்கும் உண்டு. ஆனால் வருமானச் சான்றுகளை முறைப்படி மொழிபெயர்த்து உரிய நாளுக்குள் அனுப்ப வேண்டும். அதில் தவறியே பலர் வாய்ப்பை இழக்கின்றனர். அவ்வேலையில் உதவ நான் இருக்கிறேன். கழக அலுவலகத்தில் என் முகவரி உண்டு.

பார்பியானாப் பிள்ளைகளின் நூல் தமிழிலும் வந்துள்ளது. அதன் படி ஒன்றை நம் கழக நூலகத்திற்காகக் கொண்டுவந்திருக்கிறேன். வாயிலில் என்னை நிறுத்திய பெரியவரின் பேத்தி இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு என்று அறிந்தேன். முதலில் அவர் எடுத்துச் செல்லட்டும்.