அணைக்கத் தெரியாத ஸ்விட்ச்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"கம்ப்யூட்டர்ல என்ன வேலை பண்றேன்னு எல்லாருக்கும் புரியற மாதிரி இருபது நிமிஷம் பேசு" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். இந்த ஹாலில் சிவில்காரர்கள் இருக்கிறார்கள். கட்டிய பாலத்தைக் காட்டுவார்கள். மெக்கானிக்கல்காரர்கள் பாய்லரைக் காட்டுவார்கள். என்னிடம் காட்ட ஒன்றுமில்லை. ஆகவே நான் செய்த ஒரு தப்பைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

பஸ் டிக்கெட் முன்பதிவு செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். ப்ரோக்ராம் முழுக்கப் பைத்தான் மொழியில். அதில் புதிதாக ஒரு வசதி சேர்க்க வேண்டுமென்றால் இரண்டு காரியம் இருக்கிறது. புதிய ப்ரோக்ராமைச் சர்வரில் ஏற்றுவது ஒன்று. அதை ஜனங்களுக்குத் திறந்துவிடுவது இன்னொன்று. முன்பெல்லாம் இரண்டும் ஒன்றாகத்தான் நடக்கும். ஏற்றினால் திறந்தது என்று அர்த்தம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஏற்றிவிட்டு, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

இந்த இரண்டையும் பிரிப்பதுதான் ஃபீச்சர் ஃப்ளாக். 'கொடி' என்று தமிழில் சொன்னால் கட்சி ஊர்வலம் ஞாபகத்துக்கு வருகிறது. ஃப்ளாக் என்றே சொல்கிறேன். உண்மையில் அது ஒரு ஸ்விட்ச். பழைய கணக்கு, புதிய கணக்கு இரண்டும் ப்ரோக்ராமுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நடுவில் ஒரு 'இஃப்'. ஸ்விட்ச் போட்டிருந்தால் புதிய வழி, இல்லாவிட்டால் பழைய வழி. ஸ்விட்சை எல்லோருக்கும் போடலாம், நம் ஊழியர்களுக்கு மட்டும் போடலாம், நூற்றில் பத்துப் பேருக்குப் போட்டுப் பார்க்கலாம். கோளாறு என்றால் அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். படங்களைப் பகிரும் ஃபிளிக்கர் தளத்துக்காரர்கள் 2009-லேயே தாங்கள் இப்படிச் செய்வதாக எழுதியிருந்தார்கள்.

'அணைத்துவிட்டுத் தூங்கலாம்' என்று சொன்னேன் அல்லவா? அந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

2019-ஆம் வருஷம், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது. பழைய கணக்கில் சென்னை–திருநெல்வேலி பஸ்ஸில் விழுப்புரத்தில் ஏறினாலும் சென்னைக் கட்டணம்தான். புதிய கணக்கில் ஏறும் ஊரைப் பொறுத்துக் கட்டணம் குறையும். நல்ல வசதி. இதை நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மட்டும் முதலில் திறப்போம் என்று முடிவு. ஃப்ளாகுக்கென்றே எழுதப்பட்ட லைப்ரரிகள் அப்போதே இலவசமாகக் கிடைத்தன. "நாலு வரி சமாச்சாரம், இதுக்குப் போய் லைப்ரரியா?" என்று நானே எழுதினேன். பயணியின் மொபைல் நம்பரைப் பைத்தானின் 'ஹாஷ்' ஃபங்ஷனில் கொடுத்தால் ஒரு பெரிய எண் வரும். அதை நூறால் வகுத்து மீதி பத்துக்குக் கீழே இருந்தால் அவருக்குப் புதிய கணக்கு. அழகான வரி என்று எனக்குப் பெருமை வேறு.

எங்களிடம் இரண்டு சர்வர்கள். வருகிற பயணிகளை மாறிமாறி இரண்டுக்கும் அனுப்புவார்கள். ராத்திரி எட்டு மணிக்குத் திறந்தோம். எட்டரைக்கு வாடிக்கையாளர் சேவையிலிருந்து போன். விழுப்புரத்திலிருந்து ஒரு பெரியவர். "தம்பி, 620 ரூபாய்னு காட்டினீங்க. 710 எடுத்திருக்கீங்க. பொண்ணு, மாப்பிள்ளை, பேரப் பசங்கன்னு நாலு டிக்கெட். 360 ரூபாய் எங்கே போச்சு?" கோபமாகக்கூட இல்லை. கணக்குத் தெரிந்த மனுஷர், கணக்குக் கேட்டார்.

நடந்தது இதுதான். எழுத்துகளைக் கொடுத்தால் பைத்தானின் ஹாஷ், ப்ரோக்ராம் ஒவ்வொரு முறை ஆரம்பிக்கும்போதும் வேறு வேறு எண் தரும். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். விஷமிகள் கணித்துவைத்துச் சர்வரைத் திணறடிக்கக் கூடாது என்பதற்காக, 2012-இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து அதுதான் இயல்பு. எங்களிடம் மொபைல் நம்பர் எழுத்தாகத்தான் சேமிக்கப்பட்டிருந்தது. ஆக, பெரியவரின் நம்பர் ஒரு சர்வரில் 'பத்துக்குள்', இன்னொரு சர்வரில் 'பத்துக்கு வெளியே'. சீட் பார்த்த பக்கம் முதல் சர்வர், பணம் கட்டிய பக்கம் இரண்டாவது.

சரி, அணைத்துவிடுவோம். அதற்கென்று ஒரு மெயின் ஸ்விட்ச் வைத்திருந்தோம். சர்வரின் அமைப்பில் 'ட்ரூ' என்று எழுதியிருந்ததை 'ஃபால்ஸ்' என்று மாற்றி, இரண்டு சர்வரையும் நிறுத்தி ஆரம்பித்தேன். அணையவில்லை!

சர்வரின் அமைப்பிலிருந்து பைத்தான் படிப்பது எப்போதும் வெறும் எழுத்துதான். காலியாக இல்லாத எந்த எழுத்தும் பைத்தானுக்கு 'உண்மை'. 'ஃபால்ஸ்' என்று எழுதியிருந்தாலும், ஐந்து எழுத்து இருக்கிறதே, அதனால் உண்மை! போதாததற்கு, நிறுத்தி ஆரம்பித்ததில் ஹாஷ் எண்கள் எல்லாம் மாறிவிட்டன. அதுவரை சரியாக இருந்த பயணிகளுக்கு இப்போது கோளாறு. அணைக்கப் போன நான், தீயைப் பக்கத்து வீட்டுக்கு மாற்றி வைத்தேன். கடைசியில் பழைய ப்ரோக்ராமையே திரும்ப ஏற்றி நிறுத்தினோம். அறுபது பேருக்கு மேல் பணத்தைத் திருப்பினோம்.

அந்த 'ஃபால்ஸ்' வரியை எழுதியது நான் இல்லை. சேர்ந்து நாலு மாதமான ஒரு பெண். ஆனால் படித்துப் பார்த்து 'சரி' என்று ஒப்புதல் கொடுத்தது நான். ஹாஷ் வரியோ முழுக்க என்னுடையது. மறுநாள் மேலதிகாரியிடமிருந்து வந்த மெயிலில் அந்தப் பெண்ணின் வரி மட்டும்தான் இருந்தது. பத்து மணிக்கு அதைப் படித்தேன். மத்தியானம் சாப்பிட்டு வந்த பிறகுதான் "முதல் தப்பு என்னுடையது, இரண்டாவது தப்பையும் நான்தான் ஒப்புக்கொண்டு அனுப்பினேன்" என்று பதில் போட்டேன். நடுவிலிருந்த அந்த மூன்று மணி நேரம் அவள் தன் சீட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். 360 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இதை என்ன செய்வது?

எலெக்ட்ரிக்கல்காரர்களுக்கு ஒரு கேள்வி. மெஷின்ஸ் லேபில் டி.சி. ஷண்ட் மோட்டாருக்கு த்ரீ பாயின்ட் ஸ்டார்ட்டர் இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? கைப்பிடியை மெதுவாகத் தள்ளிக் கடைசிக்குக் கொண்டுபோனால் நோ வோல்ட் காயில் அதைப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் காயில் விட்டுவிடும். ஸ்பிரிங் கைப்பிடியைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். கரண்ட் திரும்பி வரும்போது மோட்டார் தானாகக் கிளம்பி ஆர்மெச்சரைக் கருக்காது. வைவாவில் இதைக் கேட்டார்கள், சொன்னேன், மார்க்கும் வாங்கினேன். ஒன்பது வருஷம் கழித்து நான் எழுதிய ஸ்விட்சில் அந்த ஸ்பிரிங் இல்லை.

அதன் பிறகு ஒழுங்காக லைப்ரரிக்கு மாறினோம். எங்கள் தளம் பைத்தானின் ஜாங்கோவில் கட்டியது. ஆகவே ஜாங்கோ-வாஃபிள் என்ற லைப்ரரி. அதில் ஃப்ளாக் என்று ஒன்று, ஆளைப் பார்த்துத் திறக்கும். ஸ்விட்ச் என்று ஒன்று, எல்லோருக்கும் போடும் அல்லது எல்லோருக்கும் அணைக்கும். சாம்பிள் என்று ஒன்று, இத்தனை சதவீதம் தடவை என்று குலுக்கல் முறையில். எல்லாம் டேட்டாபேஸில் இருப்பதால் ப்ரோக்ராமை நிறுத்தாமலே நிர்வாகப் பக்கத்தில் ஒரு டிக் போட்டு மாற்றலாம். 'ஃபால்ஸ்' என்று கையால் எழுதும் வேலையே இல்லை.

லைப்ரரி வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. பெயரில் ஓர் எழுத்தை மாற்றி எழுதினால், அப்படி ஒரு ஃப்ளாக் டேட்டாபேஸில் இல்லையென்று அது சத்தம் போடாது. 'அணைந்திருக்கிறது' என்றுதான் சொல்லும். நம் ஸ்பிரிங் மாதிரி, பாதுகாப்பான பக்கம் சாய்கிறது. நல்லதுதான். ஆனால் புதிய வசதி ஏன் வரவில்லை என்று ஒரு நாள் முழுக்கத் தேடினோம். இல்லாத பெயரைக் கேட்டால் குறித்துவைக்கும் ஏற்பாடு அதிலேயே இருப்பதைப் பிறகுதான் பார்த்தோம். இன்னொன்று, ஸ்விட்சின் நிலையை ஃபைலின் தலைப்பில் ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டால், ப்ரோக்ராம் ஆரம்பித்த நேரத்து நிலைதான் கடைசிவரை நிற்கும். அப்புறம் நிர்வாகப் பக்கத்தில் எத்தனை டிக் போட்டாலும் பிரயோஜனமில்லை. தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நேரத்தில் கேட்க வேண்டும்.

சதவீதக் கணக்கிலும் ஜாக்கிரதை வேண்டும். வாஃபிள், குலுக்கிப் போட்ட முடிவை ப்ரௌசரில் குக்கியாக வைத்துவிடும். ஒருவர் போனில் சீட் பார்த்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் பணம் கட்டினால் குக்கி கூட வராது. விழுப்புரத்துப் பெரியவர் மறுபடி போன் செய்வார். ஆகவே பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். முன்பதிவு ஆரம்பிக்கும்போதே எந்தக் கணக்கு என்று ஒரே ஒருமுறை முடிவு செய்து, அந்தப் பதிவிலேயே எழுதிவிடுவது. அடுத்த பக்கங்கள் ஃப்ளாகைக் கேட்பதில்லை; பதிவைத்தான் படிக்கும். இது எந்த லைப்ரரியும் செய்து தராது. நாமேதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது என் 360 ரூபாயைச் சின்னதாக்கும் ஒரு கதை. நைட் கேபிடல் என்று அமெரிக்காவில் ஒரு பங்கு வர்த்தக நிறுவனம் இருந்தது. 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, நியூயார்க் பங்குச் சந்தையின் புதுத் திட்டம் ஒன்றுக்காக அவர்கள் புதிய ப்ரோக்ராம் தயாராக வைத்திருந்தார்கள். அதைத் திறக்க ஒரு ஃப்ளாக். புதிதாக ஒன்று வைக்காமல், 'பவர் பெக்' என்ற பழைய வசதியின் ஃப்ளாகையே மறுபடி உபயோகித்தார்கள். பவர் பெக்கை அவர்கள் 2003-லேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்தப் பகுதியை ப்ரோக்ராமிலிருந்து எடுக்கவில்லை. எட்டு சர்வர்களில் ஏழுக்குத்தான் புதிய ப்ரோக்ராம் போய்ச் சேர்ந்தது. எட்டாவதை மறந்துவிட்டார்கள். காலையில் சந்தை திறந்தது, ஸ்விட்ச் விழுந்தது. ஏழு சர்வரில் புதுசு ஓடியது. எட்டாவதில் ஒன்பது வருஷமாகத் தூங்கிய பவர் பெக் எழுந்துகொண்டது. 'போதும், ஆர்டர் நிறைவேறிவிட்டது' என்று எண்ணிச் சொல்ல வேண்டிய பகுதியை 2005-இல் வேறு இடத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். அதனால் அது நிறுத்தாமல் ஆர்டர் அனுப்பிக்கொண்டே இருந்தது. 212 ஆர்டர்களுக்காக, 45 நிமிஷத்தில் 40 லட்சம் வர்த்தகங்கள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். நடுவில் பதறிப்போய், நன்றாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய ப்ரோக்ராமை எடுத்தார்கள். பவர் பெக் அவற்றிலும் எழுந்துகொண்டது. இதைப் படித்தபோது எனக்கு என் 'ஃபால்ஸ்' ராத்திரி ஞாபகம் வந்தது. சந்தை திறப்பதற்கு முன்பே பவர் பெக் பெயரைக் குறிப்பிட்டு 97 தானியங்கி மெயில்கள் போயிருந்தன, யாரும் கவனிக்கவில்லை. இவையெல்லாம் அந்த நாட்டுப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 2013-இல் வெளியிட்ட உத்தரவில் இருக்கின்றன.

ஆக, ஸ்விட்ச் போடுவதைவிட எடுப்பதுதான் பெரிய வேலையாக இருக்கிறது. பத்து ஃப்ளாக் இருந்தால் அவை போட்டும் அணைத்தும் இருக்கக்கூடிய நிலைகள் 1024. யாரும் அத்தனையையும் சோதிப்பதில்லை. போட்டு ஒரு வருஷமான ஃப்ளாகின் 'பழைய வழி'யை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், அது உளுத்துப்போயிருக்கும். அப்போது அணைப்பதும் பாதுகாப்பு இல்லை. ஸ்பிரிங் நம்மை உளுத்த பலகையில் கொண்டுபோய் நிறுத்தும். நம் எல்லோர் வீட்டு ஸ்விட்ச் போர்டிலும் எதற்கென்றே தெரியாத ஒரு ஸ்விட்ச் இருக்குமே, அந்த மாதிரி.

எங்களிடமும் அப்படி ஒன்று இருந்தது. 2021-இல் வைத்தது. வைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். எதற்கென்று கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ப்ரோக்ராமைப் படித்துப் பார்த்ததில் யாரும் உபயோகிக்காத ரிப்போர்ட் மாதிரி இருந்தது. எடுத்துவிடலாம் என்று பேசி, முதலில் அணைத்து மட்டும் வைப்போம் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அணைத்தோம். ராத்திரி இல்லை, பண்டிகைக் காலம் இல்லை, எல்லோரும் சீட்டில் இருக்கிற நேரம். இதை வற்புறுத்தியது யார் தெரியுமா? 2019-இல் நாலு மாதம் ஆகியிருந்த அதே பெண். இப்போது அந்தக் குழுவுக்கு அவள்தான் தலைமை.

பன்னிரண்டு மணி, ஒன்றுமில்லை. இரண்டு மணி, ஒன்றுமில்லை. நாலேகாலுக்குத் திருநெல்வேலி ஆபீஸிலிருந்து போன். "மேடம், நைட் வண்டிக்கு டிரைவர்கிட்ட கொடுக்கிற சீட் சார்ட் பிரின்ட் வரலை. ஆறு மணிக்கு வண்டி கிளம்பணும்." ஒரே ஓர் ஆபீஸ், ஒரே ஒரு பழைய பிரின்டர். டிக் போட்டதும் வந்துவிட்டது.

அந்த ஃப்ளாக் இன்னும் இருக்கிறது. பக்கத்தில் 'திருநெல்வேலி பிரின்டர்' என்றும், மாற்ற வேண்டிய தேதியும், அவள் பெயரும் எழுதியிருக்கிறது. புது பிரின்டருக்கு எழுதிப் போட்டிருக்கிறோம்.